வேரில் கிழிந்த ஜவ்வு

ஆகஸ்ட் 4, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. புதிய டாக்டர் யாராவது புரட்டிப் பார்த்தால் விளங்க வேண்டும் என்பதால் முதல் பக்கத்தில் இதை எழுதி வைக்கிறேன். நோயாளி தாயுமானவன், வயது 58, ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர். பிப்ரவரியில் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் பாதிப்பு. ஏப்ரலில் குளியலறையில் ஒருமுறை கீழே விழுந்தார். எழுதுபவர் மனைவி மங்கையர்க்கரசி, ரேடியாலஜிஸ்ட். உறையூரில் வீடு. பிள்ளைகள் இல்லை. பகலில் முருகையன் வந்து பார்த்துக்கொள்கிறார். காலையில் கட்டிலிலிருந்து வீல்சேருக்கும், அவர் படுக்கப் போகும்போது வீல்சேரிலிருந்து கட்டிலுக்கும் நான் தூக்கி மாற்றுகிறேன்.

ரத்த அழுத்தம் 138/86. இட்லி இரண்டு, விழுங்குவதில் சிரமமில்லை. "தண்ணி", "ஃபேன் கம்மி", "பேப்பர் எங்க" என்று கேட்டார். மூன்றும் தெளிவு.

காலையில் அவரைத் தூக்கித் திருப்பும்போது கட்டில் சட்டம் டக்கென்று சத்தம் போட்டது. அவருக்கே கேட்டிருக்கிறது, குனிந்து பார்த்தார். முருகையனிடம் திருகாணியை முடுக்கச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முருகையன் கட்டிலைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார். "எல்லாம் கெட்டியா இருக்குதும்மா, ஒண்ணும் ஆடல" என்றார். பழைய மரம், அப்படித்தான் சத்தம் போடும் என்றேன்.

ஸ்கேன் சென்டரில் ஒரு கபடிப் பெண். பத்தொன்பது வயது. முழங்கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது, நீட்ட முடியவில்லை. படத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸைப் பக்கவாட்டில் பார்த்தால், மூட்டின் ஓரத்துப் படங்களில் கருப்பாக ஒரு உடுக்கை போல இருக்கும். நடுவே வரவர உடுக்கை பிரிந்து எதிரெதிரே இரண்டு கருப்பு முக்கோணமாகும். இந்தப் பெண்ணுக்கு உடுக்கையே இல்லை. கிழிந்த துண்டு வாளியின் கைப்பிடி மாதிரிப் புரண்டு நடுவில் போய்க் கிடக்கிறது, அங்கே இருக்கும் நாருக்கு அடியில் இன்னொரு நார் போல. எலும்பு டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன். சீக்கிரம் தைத்தால் திரும்ப ஆடலாம்.

அவர்: 134/84. மதியம் நன்றாகத் தூங்கினார்.

ஆகஸ்ட் 9, சனி

ஊரில் முழங்காலுக்குள் இருப்பதெல்லாம் ஜவ்வுதான். நாரும் ஜவ்வு, மெனிஸ்கஸும் ஜவ்வு. இன்று வந்த பெரியவரின் மகன் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே வாசலில் நின்று கேட்டுவிட்டார்: "ஜவ்வு கிழிஞ்சிருச்சாங்க டாக்டர்?"

கிழியவில்லை. கருப்பு முக்கோணத்துக்குள்ளே வெள்ளையாக ஒரு புகை. அது விளிம்பைத் தொடவில்லை. தொட்டால்தான் கிழிசல், அதுவும் ஒரு படத்தில் தெரிந்தால் போதாது, பக்கத்துப் படத்திலும் தெரிய வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் அது வயதின் தேய்மானம். தலைமுடி நரைக்கிற மாதிரி. அதைக் கிழிசல் என்று எழுதிவிட்டால் தேவையில்லாமல் ஒரு மனிதர் ஆபரேஷன் மேஜையில் படுப்பார். அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது நிம்மதியடையவில்லை, ஏமாந்த மாதிரிதான் போனார்.

வரும் வழியில் மருந்துக் கடையில் முழங்காலில் மாட்டும் நீ கேப் ஒன்று வாங்கினேன். பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டேன். புடவைக்குள் தெரியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஐம்பத்து நான்கு வயது ஆசிரியை. வேறு இடத்தில் எடுத்த ஸ்கேன், "வயது சார்ந்த தேய்மானம்" என்று ரிப்போர்ட். வலி குறையாததால் எங்களிடம் இரண்டாவது கருத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சீட்டில் ஒரு வரி: "கோலம் போட்டு எழும்போது முழங்காலுக்குப் பின்னால் டக் என்று சத்தம்." இந்த வயதுப் பெண் இந்த வரியைச் சொன்னால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். நேரே வேருக்குப் போனேன்.

மெனிஸ்கஸ் எலும்பைப் பற்றிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வேர் என்று பெயர். பின்பக்கம், ரொம்ப உள்ளே. பார்ப்பவர்கள் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். வேர் அறுந்தால் கருப்பு முக்கோணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது, சாம்பல் நிறமாக ஒரு வெறுமை. மெனிஸ்கஸ் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் பிடிமானம் போய், மூட்டுக்கு வெளியே பிதுங்கிவிடும். பாரம் மொத்தமும் எலும்பின் மேல். நடந்துகொண்டே இருந்தால் சீக்கிரமே மூட்டு போய்விடும்.

அந்த அம்மாவுக்கு அதேதான். ரிப்போர்ட்டில் அழுத்தி எழுதினேன். சத்தம் கேட்ட பிறகும் ஒரு மாதம் ஸ்கேன் எடுக்காமல் தள்ளிப்போட்டிருக்கிறாரே, படித்தவர்கள்கூட இப்படியா என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குபவள் ஜெசிந்தா. அவள் என் காலைப் பார்த்தாள்.

லிஃப்ட் இன்று வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அவர் 142/90, நான் வரத் தாமதமானதால் இருக்கலாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் வடிவு போன். அவருடைய தங்கை, கும்பகோணத்தில் இருக்கிறாள். தஞ்சாவூர் சாலையில், பக்கவாத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். "நல்லா பார்த்துக்கறாங்களாம் அண்ணி. பிசியோ தினமும் ரெண்டு வேளையாம். நீங்களும் எத்தனை நாளைக்குத் தனியா தூக்குவீங்க?"

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மாலையில் பிசியோதெரபிஸ்ட் சாதிக் கிளம்பும் நேரத்தில் நான் வந்தேன். "மேடம், ஒருநாள் நாலு மணிக்கு வீட்ல இருங்களேன். சார் ஒண்ணு காட்டணும்னு சொல்றாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். அவரும் சாதிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சென்டரில் ஜெசிந்தா: "மேடம், இடது காலை இழுத்து வைக்கிறீங்க."

"வெயிட் போட்டுட்டேன் ஜெசி."

"வெயிட் போட்டா ரெண்டு காலும்தானே மேடம் வலிக்கணும்?"

அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வாங்கிவந்தேன், இந்த வருடம் செய்யவில்லை. தரையில் உட்காராமல் நின்றபடியே பூஜையை முடித்தேன். அவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும், "அரசி" என்றார். சொற்கள் வர நேரமாகும், அவசரப்படுத்தக் கூடாது. காத்திருந்தேன்.

"உன்... நடை. சத்தம்... மாறிடுச்சு."

"என்ன சத்தம்?"

இடது கையால் நாற்காலிப் பிடியில் தட்டிக் காட்டினார். ஒரு பெரிய தட்டு, ஒரு சின்னத் தட்டு. மறுபடி பெரியது, சின்னது. "முன்னாடி... ரெண்டும்... சமம்."

புதுச் செருப்பு என்றேன். வீட்டுக்குள் நான் செருப்புப் போடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இன்று தொடர்ந்து இத்தனை வார்த்தை பேசியது நல்ல முன்னேற்றம். நரம்பியல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கட்டிலில் அவரை விடும்போது சற்று வேகமாக விட்டுவிட்டேன். அவருக்கு அடி எதுவும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மதியம் ஒரு பேஷன்ட் வரவில்லை. மெஷின் சும்மா இருந்தது. ஜெசிந்தா என் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கையில் ஸ்கேன் கவுன்.

"மேடம், சார் போன் பண்ணாரு."

"எந்த சார்?"

"உங்க சார்."

நான் நம்பவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவர் யாருக்கும் போன் செய்ததில்லை. வரும் போனைக் காதில் வைத்தாலே மறுமுனைக்காரர்கள் பொறுமையில்லாமல் பாதியில் பேசிவிடுவார்கள், அவருக்கு அவமானமாகிவிடும்.

"நான் யாரோ ராங் நம்பர்னு வைக்கப் போனேன் மேடம். மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம் 'ஜெசிந்தா'ன்னாரு. ரொம்ப நேரம் கழிச்சு, 'அவ கால்'னாரு. அப்புறம், 'கட்டில் இல்ல, அவ கால்'னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. 'படம் எடும்மா'ன்னாரு. அது புரிஞ்சுது." அவள் கண் கலங்கியிருந்தது. "இப்ப வர்றீங்களா, இல்ல நான் வேலையை விட்டுட்டுப் போகட்டுமா?"

போய்ப் படுத்தேன். எத்தனையோ பேரை அந்தக் குழாய்க்குள் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இரைச்சல் இவ்வளவு என்று எனக்குத் தெரியாது. காலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அவ்வளவு நேரம் சும்மா படுத்து எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்தேன். தூங்கியும்விட்டேன்.

எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து படங்களைத் திறந்தேன். ஜெசிந்தா பின்னால் நின்றாள். எல்லோருக்கும் பார்க்கிற வரிசையில்தான் பார்த்தேன். ஓரத்தில் உடுக்கை இருந்தது. முன் முக்கோணம் இருந்தது. உள்பக்கம் நகர்த்தினேன். பின் முக்கோணம் மெலிந்தது. அடுத்த படத்தில் சாம்பல். அதற்கடுத்ததிலும் சாம்பல். முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில், வேர் இருக்க வேண்டிய இடத்தில் நிமிர்ந்த ஒரு வெள்ளைக் கோடு. மெனிஸ்கஸ் எலும்பின் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கியிருந்தது. அடியில் எலும்பு நீர் கோத்து வெளுக்க ஆரம்பித்திருந்தது.

மைக்கை எடுத்து வழக்கம்போல் சொன்னேன்: "பெண், வயது ஐம்பத்தொன்று. இடது முழங்கால். உள்பக்க மெனிஸ்கஸின் பின்வேர் முழுவதுமாகக் கிழிந்துள்ளது." அதோடு மைக்கை வைத்துவிட்டேன். மிச்சத்தை டைப் செய்தேன்.

இரண்டு படங்களில் தெரிய வேண்டும் என்பது விதி. எல்லாவற்றிலும் தெரிந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

எலும்பு டாக்டர் அருள்மாணிக்கம். என் ரிப்போர்ட்டுகளைப் பல வருடமாக வாசிப்பவர்.

"எப்ப மேடம் ஆச்சு?"

"ஆடியில."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். குருத்தெலும்பு இன்னும் கெடவில்லையாம். இப்போது வேரைத் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைத்தால் மூட்டு பிழைக்க நல்ல வாய்ப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் இடது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அப்புறமும் பாரம் தூக்கக் கூடாது. தள்ளிப்போட்டால் சில வருடத்தில் மூட்டு மாற்று ஆபரேஷனில் வந்து நிற்கும்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் மேடம். சாரை நீங்க தூக்கறது இன்னையோட நிக்கணும்."



செப்டம்பர் 6, சனி

இதை எழுதியே ஆக வேண்டும்.

காலையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான்... அங்க... போறேன்" என்றார். வடிவு சொல்லும் இல்லம்.

"அதெல்லாம் வேண்டாம். ராத்திரிக்கும் ஒரு ஆள் போட்டுக்கலாம்."

"போறேன்."

"உங்களை அங்க கொண்டு விடறதுக்கா நான் இத்தனை நாள்..." என்று ஆரம்பித்துவிட்டேன். என் குரல் உயர்ந்தது. முருகையன் சமையலறைக்குள் போய்விட்டார். இவருக்கும் கோபம். கோபத்தில் சொல் வரவில்லை, வராததால் இன்னும் கோபம். கடைசியில் நாற்காலிப் பிடியை ஓங்கி அறைந்து, "நீ என்னைக் கேட்டியா?" என்றார். தடங்கல் இல்லாமல் வந்த முழு வாக்கியம்.

நான் கேட்டதில்லைதான். விழுந்துவிடுவார் என்று தூக்கினேன். தினமும் தூக்கினேன்.

சாதிக்கை வரச் சொன்னார். சாதிக் தன் பையிலிருந்து வழுவழுப்பான ஒரு பலகையை எடுத்தார். நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, இரண்டுக்கும் நடுவே பாலம் போல அதை வைத்தார். "மேடம், நீங்க கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

அவர் இடது கையைப் பலகையில் ஊன்றினார். உடம்பை முன்னால் சாய்த்தார். கொஞ்சம் நகர்ந்தார். நின்றார். வலது கால் பின்தங்கியது, இடது காலால் அதைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டார். மறுபடி நகர்ந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. ஒரு இடத்தில் பக்கவாட்டில் சாய்ந்தார். நான் பாய்ந்தேன், சாதிக் கையை நீட்டித் தடுத்தார். அவர் தானே நிமிர்ந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நான் தூக்கியிருந்தால் ஒரு நொடி.

கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். சட்டை முழுக்க வியர்வை.

"மூணு வாரமா செய்றாரு மேடம்" என்றார் சாதிக். "இதைத்தான் காட்டணும்னாரு. தப்பா எடுத்துக்காதீங்க, காலையில நீங்க தூக்கிடறீங்கன்னா உடம்பு அதை நம்பிடுது. அங்க போனா தினமும் ரெண்டு வேளை இதைச் செய்வாங்க. திரும்பி வரும்போது வேற மாதிரி வருவாரு."

ரத்த அழுத்தம் பார்க்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

அவரைக் கொண்டுவிட்டோம். வெளிச்சமான அறை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். பக்கத்துக் கட்டில்காரர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, நிறுத்தாமல் பேசுகிறார். இவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவருக்குக் கவலையில்லை. கிளம்பும்போது நான் அழவில்லை. அவரும் அழவில்லை. காரில் வடிவு அழுதாள்.

செப்டம்பர் 17, புதன்

திங்களன்று ஆபரேஷன் முடிந்தது. வேரைத் தைத்துவிட்டார்கள். வடிவு என்னோடுதான் இருக்கிறாள். கும்பகோணத்தில் மருமகளிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு ஒரு பெட்டி துணியோடு வந்திறங்கினாள். அண்ணனை இல்லத்தில் விடச் சொல்லி அவள் என்னைத் துரத்துகிறாள் என்றே இத்தனை நாள் நினைத்தேன். இன்று எனக்குத் தலை வாரிவிட்டபடி, "அண்ணன் விழுந்ததைவிட உங்களைப் பார்த்துதான் அண்ணி எனக்குப் பயம்" என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

கக்கத்தில் கட்டையை வைத்துக் கழிவறைக்குப் போய்வருவதே பெரிய பயணமாக இருக்கிறது. யாராவது பிடித்துக்கொள்ள வந்தால் எரிச்சல் வருகிறது. "நானே பாத்துக்கறேன் விடு" என்று இன்று வடிவிடம் கத்திவிட்டேன். கத்திய பிறகு அவர் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவர் போன் செய்தார். "எண்ணெய்... தேச்சாச்சா?" அவ்வளவுதான் கேட்டார். ரொம்ப நேரம் லைனில் இருந்தோம். பின்னால் வெடிச் சத்தமும், ரயில்வே கார்டு யாரையோ திட்டுவதும் கேட்டது.

நவம்பர் 1, சனி

காலை ஊன்றலாம் என்று சொல்லிவிட்டார்கள், மெதுவாக, கட்டையோடு. அவரை அழைத்துவர இல்லத்துக்குப் போனேன். அவர் வராண்டாவில் நான்கு கால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றார்! எனக்குக் காட்டுவதற்காக ரொம்ப நேரமாக நிற்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். முகம் மெலிந்திருக்கிறது, தோள் அகன்றிருக்கிறது.

வாடகைக் காரின் டிரைவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுல யாருங்கம்மா பேஷன்ட்?"

நான் அவரைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார்.

வீட்டில் வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு அவராகவே மாறினார். பக்கத்தில் முருகையன் மட்டும் நின்றார். நான் கதவருகே இருந்தேன். அவர் பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது இன்னும் என் தோள் தானாக முன்னால் போகிறது. அது நிற்க நாளாகும்.

நவம்பர் 17, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். ஒற்றைக் கட்டையோடு. ஜெசிந்தா காபி வாங்கி வைத்திருந்தாள்.

நாலாவது படம் ஒரு முழங்கால். பெண், நாற்பத்தொன்பது, மணப்பாறைப் பக்கம். பின்வேர் இல்லை. ரிப்போர்ட்டைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டியதுதான். எத்தனையோ வருடமாக அப்படித்தான். இருட்டறையில் உட்கார்ந்து காலைப் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன்.

எழுந்து வெளியே போனேன். அந்த அம்மா வரிசை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெயர் சின்னப்பொண்ணு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வீட்ல யாரையாவது தூக்கறீங்களாம்மா?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "அதெப்படிம்மா தெரியும்? படத்துல அதுகூடத் தெரியுமா?"

"தெரியாது. அதான் கேக்கறேன்."

"மகன். இருபத்தாறு வயசு. பொறந்ததுலருந்தே நடக்க மாட்டான்." தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் படுத்துட்டா அவனை யாரு தூக்குவா? அதான் ஆஸ்பத்திரிப் பக்கமே வராம இருந்தேன்."

பலகையைப் பற்றிச் சொன்னேன். சாதிக்கின் நம்பரை எழுதிக் கொடுத்தேன், மகனை ஒருமுறை வந்து பார்க்கும்படி அவரிடம் நானே பேசுவதாகச் சொன்னேன். தைத்தால் கால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் பிழைக்காது என்பதையும் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த கட்டையைப் பார்த்தார்.

"உங்களுக்கும் இதேதானா?"

"இதேதான்."

"நீங்க யாரைம்மா தூக்கினீங்க?"

சொன்னேன். ஜெசிந்தா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த படம் திறக்காமலே கிடந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.